ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கும் என் பழைய சகாக்கள் காரில் ஏறினால் ஒரு விஷயத்தைக் கவனிப்பேன். ஏ.சி. திருகில் நீலப் பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். சிவப்புப் பக்கம் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் வேற எதுக்கப்பா?" என்று சிரிப்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. சமவெளியில் இருக்கும்வரை அந்தச் சிவப்புப் பக்கம் வெறும் அலங்காரம்தான். குன்னூருக்கு வந்து ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தால்தான் அது எதற்கென்று தெரியும்.

அந்தத் திருகுக்குப் பக்கத்தில் இன்னொரு படம் இருக்கும். விசிறி மாதிரி விரிந்த ஒரு கண்ணாடி, அதன்மேல் நெளிந்து நெளிந்து ஏறும் மூன்று அம்புகள். முன் கண்ணாடிக்குக் காற்றை அனுப்பும் இடம் அது. சதுரமாக இருந்தால் பின் கண்ணாடி. இந்தப் படத்துக்கு அர்த்தம் தெரியாமலே இருபது வருடம் கார் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். தெரிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு வந்தது. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

என் வேலையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1974ல் மின்வாரியத்தில் சேர்ந்து, பெரும்பாலான காலம் குந்தா பக்கம் கழித்து, 2010ல் ஓய்வு பெற்றேன். கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டு உதவியோடு எழுந்த மின் நிலையங்கள் அவை. அங்கே எங்களுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. ஏதாவது ஓடவில்லை என்றால் கண்டதையும் கழற்றாதே. சப்ளை எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே வந்து சேர வேண்டும், நடுவில் எந்த இடத்தில் நின்றுவிட்டது, இதை மட்டும் வரிசையாகப் பார். மின்சாரத்துக்குச் சொன்ன இந்த விதி சூட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் கார் பழையது. மூன்று வருடத்துக்கு முன்னால் கீழே சமவெளியில் ஒருவரிடம் வாங்கியது. காய்கறி வாங்கவும், பேங்குக்குப் போகவும், பகலில் ஊட்டி வரை போய்வரவும் அது போதுமானதாக இருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுவேன். மலையில் எல்லோரும் செய்வதுதான்.

போன வருடம் ஆவணியில் என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அறுவை முடிந்தபிறகு, வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்று கோவை மருத்துவமனையில் சொன்னார்கள். முதல் தடவை ஐப்பசியில் வந்தது. நீலகிரியைத் தெரிந்தவர்களுக்கு அந்த மாதம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குதான் பெருமழை. மேகம் வீட்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் எட்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முறைக்குக் காத்திருக்க முடியும். திரும்பும்போது மேட்டுப்பாளையத்திலேயே இருட்டிவிடும். அங்கிருந்து குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு, பர்லியாறு வரை தொந்தரவு இல்லை. மரப்பாலம் தாண்டினால் பனிமூட்டம் ஆரம்பிக்கும்.

முதல் மூன்று தடவை எப்படியோ சமாளித்தோம். நான்காவது தடவைக்குள் அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. அந்த மருந்துக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குளிர் பட்டால் விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள். கம்பளி உறை, சால்வை, காதுக்கு மப்ளர் என்று எல்லாம் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள்.

அன்றைக்கு மரப்பாலத்துக்கு மேலே மழையும் மூட்டமும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. காரில் இரண்டு பேர் மூச்சு, நனைந்த குடை, ஈரச் செருப்பு. முன் கண்ணாடி உள்பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. துணியால் துடைத்தால் ஒரு நிமிடம் தெளிவாக இருக்கும், பிறகு மறுபடி மூடும். அதுவும் எதிரே பஸ் விளக்கு வந்தால் துடைத்த கோடெல்லாம் பளபளவென்று மின்னி ரோடே தெரியாது. ஜன்னலை நான்கு விரல் இறக்கினால் எனக்கு வழி தெரிகிறது, அவளுக்குப் பல் கிட்டுகிறது. ஏற்றினால் அவள் தாங்கிக்கொள்வாள், எனக்கு வழி தெரியாது. ஏ.சி.யைப் போட்டால் ஈரம் குறையும்தான், ஆனால் ஐஸ் மாதிரிக் காற்று வரும்.

"ஏங்க, நீங்க ஜன்னலைத் திறந்தே ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். மப்ளருக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் நடுங்கியது. காட்டேரிக்குக் கொஞ்சம் முன்னால் அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன். நான்கு விளக்கையும் எரியவிட்டு இருபது நிமிடம் நின்றோம். பிளாஸ்கில் இருந்த வெந்நீரை அவள் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு வாரம் இந்த வழியில் வந்தாக வேண்டும். இப்படி வர முடியாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அங்கிருந்து மெதுவாகக் கிளம்பி வீடு வரும் வழியிலேயே சோதனையை ஆரம்பித்தேன். குந்தாவில் சொல்லிக்கொடுத்த வரிசைதான்.

கண்ணாடி தெளிய மூன்று விஷயம் வேண்டும். காற்று கிளம்ப வேண்டும், அது கண்ணாடிக்குப் போய்ச் சேர வேண்டும், போகும்போது சூடாக இருக்க வேண்டும். முதலில் மின்விசிறி. ஒன்று முதல் நான்கு வரை எல்லா வேகத்திலும் ஓடியது. (நான்கில் மட்டும் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் அதற்கான ரெசிஸ்டர் எரிந்துவிட்டது என்று அர்த்தம். எதிலுமே ஓடாவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும்.) அடுத்து, மூன்று அம்புப் படத்தில் திருகை வைத்து, ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பிடிக்கச் சொன்னேன். படபடவென்று அடித்தது. ஆகக் காற்று சரியான இடத்துக்குத்தான் வருகிறது. சில கார்களில் உள்ளே இருக்கும் கேபிள் கழன்றுவிட்டால், எங்கே திருகினாலும் காற்று காலடிக்கே போகும். இங்கே அது இல்லை.

மிச்சம் இருப்பது சூடு. திருகு கடைசிவரை சிவப்பில் இருந்தது. காற்றோ வெளியே அடிக்கிற அதே குளிர்காற்று.

காரில் ஹீட்டருக்கென்று தனியாக அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றுகிற தண்ணீர் சூடாகிறது இல்லையா, அதில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர் ஹீட்டர் கோர். அதன் மேல் விசிறிக் காற்று பட்டு, சூடாகி உள்ளே வருகிறது. எஞ்சின் வீணாக்கும் சூட்டைத்தான் நாம் வாங்கிக்கொள்கிறோம், செலவே இல்லை.

மலை ஏறும்போது எஞ்சினுக்கு நல்ல வேலை. சூடு காட்டும் முள் நடுவில் நின்றிருந்தது. அப்படியென்றால் எஞ்சினில் சூடு இருக்கிறது, காரின் உள்ளே வந்து சேரவில்லை. தடை நடுவில் இருக்கிறது. அதே நேரம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காலையில் இறங்கும்போது அந்த முள் அடிமட்டத்தை விட்டு எழுந்ததே இல்லை. பர்லியாறு வரை வந்தும் எழாது. இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை குறைவுதான், ஆனாலும் அவ்வளவு குளிர்ந்து கிடக்கக் கூடாது. ஆகப் பழுது ஒன்றல்ல, இரண்டு. ஏற்றம் ஒன்றைக் காட்டியது, இறக்கம் இன்னொன்றைக் காட்டியது.

மறுநாள் காலை அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினுக்கும் உட்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில் இரண்டு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவற்றில் ரப்பர் குழாய்கள் மாட்டியிருக்க வேண்டும். முனைகள் இருந்தன. அவற்றில் ரப்பர் மூடி போட்டு கிளிப் இறுக்கியிருந்தது. எஞ்சினிலிருந்து வரும் குழாய் ஒன்று வளைந்து மறுபடி எஞ்சினுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. சுடுதண்ணீர் எட்டிப் பார்க்காமலே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது!

நம் தெருமுனை மெக்கானிக் தம்பியைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது கீழ்நாட்டு வண்டிங்க. யாரோ பைபாஸ் பண்ணி விட்டிருக்காங்க. உள்ளே கோர் ஒழுகியிருக்கும். மாத்தணும்னா டாஷ்போர்டு மொத்தமும் இறக்கணும். அங்கே ஹீட்டர் யாருக்கு வேணும்னு குழாயைச் சுத்திக் கட்டி விட்டுட்டாங்க."

முள் எழாத விஷயத்தையும் சொன்னேன். எஞ்சினில் ஒரு வளைந்த மூடியைக் கழற்றினார். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தண்ணீர் போதுமான அளவு சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் சின்னக் கதவு அது. எண்பது டிகிரியைத் தாண்டினால் தானே திறக்கும். சமவெளியில் அது பழுதாகி மூடிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். அந்தப் பயத்தில் பலர் அதைப் பிடுங்கியே போட்டுவிடுகிறார்கள். "அதுவும் இல்லைங்க சார். இது எப்பவும் குளிர்ந்த எஞ்சினாவே ஓடிட்டிருக்கு. பெட்ரோலும் கூடத்தான் குடிச்சிருக்கும்."

யார் செய்தார்கள் என்று தெரியாது, கோபப்படவும் இல்லை. நாற்பது டிகிரி வெயிலில் வேலை செய்கிற ஒருவர், அவர் ஊருக்குத் தேவையில்லாததை எடுத்திருக்கிறார், வண்டிக்காரருக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த வண்டி மலை ஏறும், அதில் ஒரு நோயாளி உட்காருவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பழைய கோர் ஒருவேளை நன்றாக இருக்குமோ என்று குழாய்களை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். காரின் உள்ளே தித்திப்பாக ஒரு வாசனை. கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒரு படலம். கூலன்ட் ஒழுகுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இடது பக்கக் கால்மிதிக்கு அடியில் தொட்டால் ஈரம். அவள் கால் வைக்கிற இடம்.

கோவையிலிருந்து புதுக் கோர் வந்துசேர நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாவது தடவைக்கு வாடகைக் காரில் போனோம். அதற்குள் தம்பி டாஷ்போர்டை இறக்கி ஏற்ற ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டார். தெர்மோஸ்டாட்டைப் போடும் முன் எங்கள் வீட்டு அடுப்பிலேயே சோதித்தோம். பழைய சருவச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, நூலில் கட்டி உள்ளே இறக்கினால், கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டால் மூடியது. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இந்தச் சட்டியை இனிமே சமையலுக்குக் கொண்டு வராதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோர் 1,800, தெர்மோஸ்டாட் 450, கூலன்ட் 600, கூலி 2,500. மொத்தம் 5,350 ரூபாய். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, திருகைச் சிவப்பில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே மாட்டியிருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும்வரை கூலன்ட் ஊற்றினார். காற்று உள்ளே தங்கிவிட்டால் எல்லாம் புதிதாக இருந்தும் சூடு வராது. சூடான எஞ்சினில் அந்த மூடியை மட்டும் யாரும் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீச்சும்.

ஆறாவது தடவை திரும்பி வரும்போதும் அதே மழை, அதே மூட்டம். மரப்பாலத்தில் விசிறியை இரண்டில் வைத்தேன். கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு தெளிவு மேலே ஏறிக்கொண்டே வந்தது. ஜன்னல் நான்கும் மூடியிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் காற்று வரும் இடத்தில் நீட்டி வைத்திருந்தாள். காட்டேரி தாண்டும்போது தூங்கிவிட்டாள்.

இதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வெளியே மூட்டம், அந்த ஈரக் காற்றையே உள்ளே இழுத்தால் இன்னும் ஆவி படியாதா என்று சிலர் கேட்கிறார்கள். படியாது. 10 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றால் சுமார் 9 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 30 கிராம் தாங்கும். ஆக மூட்டக் காற்றே சூடானதும் காய்ந்த காற்றாகி, கண்ணாடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத் துணி அடுப்பங்கரையில் சீக்கிரம் காய்வது இதனால்தான். அதனால் மழையில் வெளிக்காற்றை இழுக்கும்படிதான் வைக்க வேண்டும். காருக்குள்ளேயே சுற்றும்படி வைத்தால் நம் மூச்சு நம்மையே சுற்றி வரும். ஹீட்டரோடு ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால் இன்னும் சீக்கிரம் தெளியும். ஏ.சி. ஈரத்தைப் பிழியும், ஹீட்டர் சூடாக்கும்.

சமவெளி நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மழை நாளில் ஏ.சி.யை அதிகமாக வைத்துக் காற்றைக் கண்ணாடி பக்கம் விட்டால், ஆவி வெளிப்பக்கம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். போய்விட்டால் அது வெளி ஆவி. குளிரைக் குறைத்துக் காற்றைக் கண்ணாடியை விட்டுத் திருப்பினால் போதும்.

அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் பீடித் தூளை ஈரத் துணியில் வைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். மழைத்தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடும். அது வெளிப்பக்கத்து மழைக்கு. உள் ஆவிக்கு முதல் மருந்து, சுத்தமான கண்ணாடிதான். எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் இருந்தால் ஆவி சீக்கிரம் பிடிக்கும். மாதம் ஒரு தடவை உள்பக்கம் நன்றாகத் துடைத்துவிடுங்கள். தை மாதம் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் வந்து காரை வெளியே நிறுத்தினால், விடிகாலையில் கண்ணாடிமேல் உறைபனி இருக்கும். கொதிநீரை ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். முதல் நாள் இரவே சாக்கோ அட்டையோ போட்டு மூடி வையுங்கள்.

பன்னிரண்டு தடவையும் தை பிறப்பதற்குள் முடிந்தது. விரல் மரத்துப்போவது முழுவதும் போகவில்லை, குறைந்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கோவை. போன வாரப் பரிசோதனையில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார்கள். விசாரித்து எழுதிய அன்பர்கள் எல்லோருக்கும் அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

கீழ்நாட்டுப் பழைய வண்டியை மலைக்குக் கொண்டுவருகிறவர்கள், வாங்கும் அன்றே எஞ்சின் சூடானபிறகு திருகைச் சிவப்பில் வைத்து ஐந்து நிமிடம் கையைக் காட்டிப் பாருங்கள். சூடு வராவிட்டால் அந்த இரண்டு குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எங்கள் தம்பிக்கு மழைக்கு முந்தி வேலை குவிந்துவிடும், இப்போதே போனால் நிதானமாகச் செய்து தருவார்.